இடப்பக்கத் துப்பாக்கி

சின்னராசு அந்தத் துப்பாக்கியை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பல்குச்சியைப் போடுவதுபோல என் மேஜைமேல் போட்டார்.

“இன்னா பிட்டரே இது? கொசு மாரி கீது. எங்கண்ணன் இத்த வெச்சிகினா சண்ட போட்டான்?”

நான் செய்த பொம்மைப் படகே பத்து அங்குலம்தான் என்றேன். நிஜத்தில் ஓர் அடி, பொம்மையில் கால் அங்குலம். அந்தக் கணக்கில் துப்பாக்கி ஓர் அங்குலத்தைத் தாண்டாது. அவருக்கு அதெல்லாம் ஏறவில்லை. ஆலங்காயம் டூரிங் கொட்டகையில் ஏதோ யுத்தப் படத்துக்கு ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து, அதேபோல இரட்டைக்குழல் பீரங்கி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதைத் தூக்கி இந்தப் படகில் வைத்தால் நிஜமானாலும் பொம்மையானாலும் தலைகீழாகக் கவிழும். மலைக்கு நாட்டாமை மாதிரி இருக்கும் ஊர்க்கவுண்டர் ஆயிற்றே என்று வாயை அடக்கிக்கொண்டேன். அடக்கினேனே தவிர, அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் காவலூர் வானாய்வு நிலையத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். வேலை போக மிச்ச நேரத்தில் கப்பல், படகு பொம்மைகள் செய்வேன். அதில் பொய் இருந்தால் எனக்கு ஆகாது. இல்லாத ஜன்னலை வைப்பதைவிடப் பொம்மையை உடைத்து அடுப்பில் போடலாம். சின்னராசுவின் அண்ணன் கருப்பன் பெரிய யுத்தத்தில் கடற்படைக்குப் போய், பர்மாக் கரையில் இறங்குபடகில் செத்தவர். அந்தப் படகு சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு நேராகக் கரைமணலில் போய் முட்டும். முன்கதவு பாலம்போல விழும், சிப்பாய்கள் இறங்கி ஓடுவார்கள். முன்னால் வலப்பக்கத்து இரும்புக் கூண்டில் படகை ஓட்டுபவர், இடப்பக்கக் கூண்டில் துப்பாக்கிக்காரர்; கதவு விழும்போது கரையில் இருக்கும் எதிரியைச் சுட்டு, இறங்குகிறவர்களைக் காப்பது அவர் வேலை. கருப்பன் இடப்பக்கம். உடம்பு ஊருக்கு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, வேடியப்பன் கோயிலுக்குப் புது ஓடு போட்டபோது கருப்பனையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. வேடியப்பன் என்றால் சண்டையில் செத்த வீரன்தான். கல்லில் ஒரு கையில் வில்லும் ஒரு கையில் கத்தியுமாக நிற்பார். அந்தக் கோயிலில் வெறுங்கையோடு ஒரு கல்லும் கிடையாது. கடலில் செத்தவனுக்குப் படகே வைக்கலாம், ஆனால் ஆயுதம் இல்லாத படகு வாசற்படி தாண்டக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்து என்னிடம் வந்தது.

என்ன ஆயுதம் என்பதுதான் சிக்கல். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய படப் புத்தகத்தில் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்றில் துப்பாக்கியின் தலையில் தோசைக்கல்போல வட்டத் தட்டு. இன்னொன்றில் புளியம்பழம்போல வளைந்த தோட்டாப் பெட்டி. இரண்டையும் செய்து வைத்தேன். குழலுக்குப் பித்தளைக் குழாய். வளைந்த பெட்டிக்கு மாட்டு லாடத்து ஆணி ஒன்றை வளைத்து ராவினேன். கெட்டி இரும்பு, வேலை வாங்கிவிட்டது. எது சரி என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். வலப்பக்கக் கூண்டில் உட்கார்ந்து அந்தப் படகை ஓட்டிய அர்ச்சுனன். மலைக்குக் கீழே, என் ஊரான கலசப்பாக்கத்துக்காரர். பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி வரவழைத்தேன்.

அர்ச்சுனன் பேரை எடுத்தாலே மலையில் காறித் துப்புவார்கள். யுத்தம் முடிந்து வந்தவர் கருப்பனின் ட்ரங்கை அடிவாரத்து டீக்கடையில் போட்டுவிட்டு, பொண்டாட்டிக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவர். அதற்குப் பிறகு மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பொண்டாட்டிக்காரி மாதம்மாள் அப்போது சின்னப் பெண். மலையில் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது தப்பில்லை, ஊரே கட்டி வைக்கும். அவளை இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். துப்பாக்கி பிடித்துச் செத்தவன் பொண்டாட்டி நான், ஏர் பிடிக்கிறவனோடு வரமாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஊரில் அதை இன்றைக்கும் சொல்வார்கள், பாதிப் பெருமையாகவும் பாதி நக்கலாகவும். அவள் தலை இப்போது நரைத்துவிட்டது.

மாதம்மாள் வீட்டு வாசலில்தான் சந்திப்பு. புளி தட்டும் காலம். பழங்களை மலைபோல் குவித்து வைத்துக்கொண்டு கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். அர்ச்சுனன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“நல்லா கீறியா தங்கச்சி?”

“தங்கச்சின்னு கூப்புடாத. எனக்கு அண்ணன் கெடையாது.” அவள் நிமிரவில்லை.

“இத்தினி வருசமா மலையேறக் கால் வரலியா, மூஞ்சி வரலியா?” என்றார் சின்னராசு.

“கேக்கறத கேளுங்க. நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்.”

பதில் பேச்சு வளர்ந்து கைகலப்பாகிவிடுமோ என்று நான் அவசரமாகப் படகை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். பக்கத்தில் இரண்டு துப்பாக்கிகளையும் வைத்தேன். அர்ச்சுனன் குந்தி உட்கார்ந்தார். அதுவரை விறைப்பாக இருந்த முகம் படகைப் பார்த்ததும் ஒருமாதிரி ஆகிவிட்டது. வலப்பக்கக் கூண்டை விரலால் தொட்டார். தட்டு வைத்த துப்பாக்கியை ஒதுக்கினார். வளைந்த பெட்டி வைத்ததை எடுத்து, இடப்பக்கக் கூண்டில் நான் போட்டிருந்த துளையில் அதன் காலைச் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“இதான். ப்ரென்னு சொல்வோம்.”

“பாத்தியா அண்ணி!” என்று சின்னராசு தொடையைத் தட்டினார். “கொசு மாரி இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதான்!” பீரங்கியை அந்த நிமிஷமே மறந்துவிட்டார். மாதம்மாள் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் படகைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் குணம் விடவில்லை. சில படகுகளில் சிப்பாய்கள் இறங்கும்போது துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவதுண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தேன்.

“அன்னிக்கி அது படகுலதான் இருந்துச்சுன்னு எப்டிங்க அவ்ளோ உறுதியா சொல்றீங்க?”

அர்ச்சுனனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நான் பொய் சொல்றனா? படகு திரும்பி வந்தப்ப அத்தக் கழட்டி ஒப்படைச்சவன் நானு. தோட்டாப் பெட்டிய உருவுனதும் இந்தக் கைதான். ஒரு தோட்டா கொறையாம முழுசா இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. படகிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“முழுசா இருந்தா இன்னா?” என்றார் சின்னராசு. “ஒண்ணு தீந்து புதுசு மாட்டியிருப்பான்.”

அர்ச்சுனன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சொல்லுய்யா,” என்று சின்னராசு அதட்டினார்.

“மத்த தோட்டாப் பெட்டிங்களும் கட்டுப் பிரிக்காம கூண்டுலயே கெடந்துச்சு.”

கட்டைச் சத்தம் நின்றுவிட்டது. காய் நிறைந்ததா சொத்தையா என்று புளியம்பழத்தைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுகிறவள் மாதம்மாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“சுடறதுக்குள்ளயே குண்டு பட்டுச்சா?” என்று கேட்டாள். குரல் தணிந்திருந்தது.

“நான் வலப்பக்கம். கரையப் பாத்து ஓட்டிகினு இருந்தேன்.”

“அத்தக் கேக்கல. கதவு வுழறதுக்கு முன்னாலயே பட்டுச்சா?”

அர்ச்சுனன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இதுக்குத்தான் வரல,” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு இறக்கத்தில் நடந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கல்லைத் தூக்கி அடிப்பார் என்று நான் நினைத்த சின்னராசு அசையாமல் நின்றார்.

“பிட்டரே,” என்றாள் மாதம்மாள். “அத்தப் புடுங்கு. படகுல துப்பாக்கி இல்ல.”

“இருந்துச்சும்மா. அவரே சொல்லிட்டுப் போறாரு.”

“இல்லன்றேன்.”

“இருந்தத இல்லன்னு நான் எப்டிம்மா...”

“நீ யாரு? உன்ன இன்னா கேட்டேன் நானு? படகு செஞ்சியா, செஞ்சதோட நிறுத்து.”

எனக்கும் ரோஷம் வந்தது. சின்னராசு பக்கம் திரும்பினேன். பீரங்கி கேட்ட மனுஷன், இவராவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஆமா,” என்றார் அவர். “வெள்ளக்காரன் எங்கண்ணனுக்குத் துப்பாக்கியே குடுக்கல. வெறுங்கையோட அனுப்சி சாவடிச்சான். கேக்கறவன்கிட்ட நீயும் அப்டியே சொல்லு.”

“ஆயுதம் இல்லாத படகு வாசற்படி தாண்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் ஊர்க்கவுண்டன். தாண்டும்னு சொன்னா தாண்டும்.” ஒரு அடி முன்னால் வந்தார். “மலையில வேல செஞ்சி சாப்புடறவன் நீ. மலைக்காரன் வூட்டு விசயத்த வெளிய பேசின, கீழ எறங்கிப் போவ மாட்ட.”

இவ்வளவு அப்பட்டமான பொய்யை என் கையால் செய்த படகு சுமக்கப்போகிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிடுங்குவதானால் அவர்களே பிடுங்கட்டும்.

மாதம்மாள் பிடுங்கினாள். நகத்தைக் கொடுத்து நெம்பி, துப்பாக்கியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கல்லின்மேல் வைத்துக் கட்டையால் ஓங்கி அடித்தாள். பித்தளைக் குழல் ஒரே அடியில் தகடாகிவிட்டது. பெட்டி மட்டும் தனியே தெறித்து விழுந்தது. அதை எடுத்து வைத்து மறுபடி அடித்தாள். லாடத்து ஆணி, அது நசுங்கவில்லை. இன்னொரு அடி. “அண்ணி, வுடு,” என்றார் சின்னராசு. அவள் விடவில்லை. அடுத்த அடிக்குக் கல்லில் பொறி பறந்தது. பெட்டி எகிறிப் புளியம்பழக் குவியலுக்குள் போய் விழுந்தது.

கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் குவியலை இரண்டு கையாலும் கலைத்தாள். பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கையில் கனம் பார்த்து, ஓரமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள்.