நாற்பது சங்குக்குப் பிறகு ஒன்று

கப்பல் தினத்துக்கு எட்டு நாள் இருக்கும்போதா ஒருத்தி மாடிப்படியில் வழுக்கி விழ வேண்டும்? விழுந்துவிட்டாள், தங்கங்களே. வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.

அவள் கணவர் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவர். மலைபோல வந்து நிற்கும் கப்பலைக் கயிறு கட்டி இழுத்து, கரையில் அலுங்காமல் அணைய வைக்கிற சின்னப் படகு அது. கப்பல் தினத்தன்று நண்பகல் பன்னிரண்டுக்குத் துறைமுகத்தில் இருக்கிற அத்தனை கப்பலும் ஒரே நேரத்தில் சங்கு ஊதும். பதினொரு வருடமாகக் கரையில் நின்று கேட்டவள் அவள். இந்த முறை கட்டில்தான். அதுவும் சன்னலுக்கு எட்டாத மூலையில் கிடந்த பழைய மரக்கட்டில்.

"இங்க இருந்தே கேப்பேன். உங்க சங்கு எனக்குத் தெரியாதா? கடைசியில ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இழுக்குமே" என்றாள்.

"நாப்பது சங்குக்கு நடுவுலயா?" என்று சிரித்தாள், துணைக்கு வந்திருந்த அவள் அம்மா. "மாப்பிள்ளையோட படகு கண்ணுக்கே தெரியாது. காதுக்கு எங்க கேக்கப்போகுது?"

"நான் ஊதறேன் அத்தை, இவ கேப்பா. பாருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் படியிறங்கினார்.

கப்பல் தினத்தன்று காலை பதினொன்றே காலுக்குப் படகின் ரேடியோ கூப்பிட்டது. கோதுமைக் கப்பல் ஒன்று இரண்டு நாளாக வெளியே காத்துக்கிடந்தது. தண்ணீர் இறங்குவதற்குள் அதை உள்ளே கொண்டுவந்தாக வேண்டும். விழா என்று சொன்னால் கடல் கேட்குமா? ஊர் முழுக்க ரொட்டி தின்ன வேண்டாமா? படகு கிளம்பிவிட்டது.

கயிறு போட்டுவிட்டால் இழுவைப்படகின் சங்குக்கு வேலையே வேறு. கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிற பைலட், அதன் மேலிருந்து ரேடியோவில் உத்தரவு சொல்வார். குட்டையாக ஊதினால், 'புரிந்தது'. நீளமாக ஊதினால், 'கயிறு கழன்றது, விலகுகிறேன்'. சும்மா சந்தோஷத்துக்கு ஊதிவைத்தால், கப்பல் முனையில் நிற்கிறவன் கயிறு கழன்றுவிட்டது என்று நினைத்துச் சுருட்ட ஆரம்பிப்பான். இழுபட்ட கயிறு அறுந்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

பன்னிரண்டு அடித்தது. நாற்பது சங்கும் சேர்ந்து கத்தின. வானமே அதிர்ந்தது.

கீழே இயந்திர அறையிலிருந்து தலையை நீட்டினான், கரி என்று எல்லாரும் கூப்பிடுகிற இயந்திரக்காரன்.

"அண்ணே, ஊதுங்கண்ணே! அண்ணி காத்துக்கிட்டு இருப்பாங்க!"

"கயிறு கட்டியிருக்குடா."

"குட்டியா ஒண்ணு?"

"குட்டியா ஊதினா எனக்கு என்னமோ புரிஞ்சிடுச்சுன்னு பைலட் நினைப்பாரு. எனக்கு இப்ப வயித்தெரிச்சலைத் தவிர ஒண்ணும் புரியல. உள்ள போ."

சங்குப் பிடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. அவர் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஒரு நிமிடம் முடிந்தது. எல்லாம் அடங்கிவிட்டது.

வீட்டில் அந்த ஒரு நிமிடமும் அம்மாக்காரி ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலை நீட்டினாள். "இதுவா? இதோ, இதுவா?" மகள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எதுவும் அவருடையது இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கோதுமைக் கப்பல் கரையில் அணைந்தது. "கயிறு கழட்டியாச்சு. கிளம்பலாம்" என்றார் பைலட். இப்போது நீளமாக ஊதுவது முறை. அவர் பிடியை இழுத்தார். முறைக்கு வேண்டியதைவிட நீளமாகவே இழுத்தார்.

"போதும்ப்பா, புரிஞ்சுது" என்றது ரேடியோ.

சாயங்காலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடனைப்போல வீட்டுக்குள் நுழைந்தார்.

"பன்னிரண்டுக்கு ஊத முடியலம்மா. கயிறு..."

"தெரியும். முக்கால் மணி லேட்டு" என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு. "ஊரே அமைதியா இருந்துச்சு. உங்க ஜலதோஷம் மட்டும் தனியா வந்துச்சு. தட்டைக் கீழ போட்டுட்டேன்."

"நானும் கேட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள் மாமியார். "பெரிசுங்க எல்லாம் ஊதிட்டுச் சாப்பிடப் போயிடுச்சு. வேலை பாத்தது உங்களுது ஒண்ணுதான் போல. எவ்வளவு இழுத்தீங்க?"

"நாப்பதாயிரம் டன் கோதுமை, அத்தை."

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கட்டிலைக் கொஞ்சம் சன்னல் பக்கமா இழுத்துப் போடுங்க மாப்பிள்ளை. பிள்ளை துறைமுகத்தைப் பாத்துக்கிட்டாவது கிடக்கட்டும்."

அவர் பல்லைக் கடித்து இழுத்தார். கட்டில் அசையவே இல்லை. மாமியார் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். கட்டிலில் கிடந்தவள் வாயைக் குவித்து, பைலட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி, குட்டையாக ஒரு தடவை ஊதினாள்.

கட்டில் நகர்ந்தது.