எட்டாம் வீட்டுக்குப் போகாத போன்

புயல் எச்சரிக்கை வந்தால் மருந்துக்கடைக்காரர் முதல் வீட்டுக்குப் போன் செய்வார். முதல் வீடு இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டுக்கு என்று பதினான்கு வீடுகளுக்கும் செய்தி போய்விடும். குறுஞ்செய்தி அனுப்பினால் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை என்று தெருவே கூடிச் செய்த ஏற்பாடு இது. எதிர்முனையில் "கேட்டாச்சு" என்று வாய்திறந்து சொன்னால்தான் செல்லும்.

ஏழாம் வீடு தையல்காரியுடையது. எட்டாம் வீட்டில் இருப்பவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. இருவருக்கும் நான்கு மாதமாக முகம்கொடுத்துப் பேச்சில்லை. ஒரு விசேஷ வீட்டில், நாலு பேர் முன்னால், "இவகிட்ட அளவு குடுக்கிறது ஒருத்தி, தச்சது பொருந்துறது வேறொருத்திக்கு" என்று ஓரகத்தி சொல்ல, சபையே சிரித்தது. தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

புயல் எச்சரிக்கை வந்த அன்று மதியம் மூன்று மணிக்குத் தையல்காரியின் போன் அடித்தது. இன்னும் அரைமணியில் சூறைக்காற்று, எல்லோரும் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும் என்றார்கள் ஆறாம் வீட்டில். "கேட்டாச்சு" என்றாள். ஓரகத்தியின் எண்ணை எடுத்தாள். 'நான் ஏன் முதல்ல பேசணும்? அவதான் பேசட்டுமே' என்று ஒரு வீம்பு. எட்டைத் தாண்டி ஒன்பதாம் வீட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டாள்.

"எட்டாம் வீட்டுல ரிங் போகுது, எடுக்கல" என்று கூசாமல் ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டாள்.

சொன்னபடியே காற்று வந்தது. எவர் வீட்டுத் தகரக் கூரையோ பிய்ந்து பறந்து, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஓரகத்தியின் காலில் விழுந்தது. எலும்பு இரண்டாகிவிட்டது.

ஆளாளுக்கு ஓரகத்தியைத்தான் குறை சொன்னார்கள். போனை எங்கேயாவது போட்டுவிட்டு மாடியில் போய் நின்றால் இப்படித்தான் என்றார் தபால்காரர். இரண்டு நாளும் தையல்காரி மிஷினில் உட்கார்ந்தால் ஊசி விரலில் ஏறியது. மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காலில் மாவுக்கட்டோடு ஓரகத்தி படுத்திருந்தாள். "வா, உக்காரு" என்றாள், நான்கு மாதம் நடுவில் இல்லாதது போல.

தையல்காரி பழத்தை உரித்தாள். தோல் துண்டு துண்டாகக் கிழிந்தது. சொல்லாமல் போய்விடலாம், தெருவே இவள்மேல்தானே பழி போட்டிருக்கிறது என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. அந்த நினைப்புக்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"அக்கா, நான் உங்களுக்குப் போனே பண்ணல. எடுக்கலன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். போன் என் இடுப்புலதான் சொருகியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

ஓரகத்தி ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"வானம் கறுத்தப்பவே எறங்கிடலாம்னுதான் நெனச்சேன். நிஜமாவே ஆபத்துன்னா நீ கூப்பிடாம இருக்க மாட்டேன்னு நம்பி மேலேயே இருந்துட்டேன். அதை எப்படி நாலு பேர்கிட்ட சொல்றது?"