மாமா சாத்திய கதவு

1

இந்தக் கதை அக்காவின் கோபத்தில் பிறந்தது. என் சொந்தக் கற்பனை என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் அக்கா இதைப் படிப்பாள்.

முதலில் எழுதிய வரி: ‘இரும்புக் கதவு கிறீச்சென்று மூடியபோது இருள் எங்களை...’

இருள் எங்களை ஒன்றும் செய்யவில்லை. டியூப்லைட் எரிந்தது, ஏசி ஓடியது. துப்புகளைக் கண்டுபிடித்து, மணி அடிப்பதற்குள் தப்பித்து வெளியே வர வேண்டிய விளையாட்டுச் சிறை அது. அங்கே இருப்பதிலேயே கஷ்டமான அறை. போனது நான், அக்கா, அக்காவின் கணவர்.

மாமா நிஜச் சிறையில் வார்டர்.

2

(நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்து அவரைப் பல் டாக்டராக மாற்றிப் பார்த்தேன். ‘பல் டாக்டர் கம்பியை ஆட்டிப் பார்த்து, இதைப் பிடுங்கத்தான்...’ தேறாது. வார்டராகவே இருக்கட்டும்.)

பந்தயம் இதுதான். தப்பித்தால் மாமா லீவு போட்டு அக்காவைக் கடல் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும். மணி அடிக்கும்போது ஒருவர் உள்ளே இருந்தாலும் லீவு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் லீவே போட்டதில்லை. “நான் போகலன்னா யாரு பூட்டுவா?” என்பார். அக்கா பெட்டியே கட்டிவிட்டாள்.

3

சுவரில் ஆடிய செங்கல்லுக்குப் பின்னால் முதல் துப்பு இருந்தது. மாமா செங்கல்லை அழுத்திப் பொருத்தினார். அக்கா மறுபடி உருவினாள். தலையணைக்குள் கிடைத்த ஸ்பூனை அவர் பறிமுதல் செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அது நமக்குன்னுதான் வெச்சிருக்காங்க, மாமா.”

“உள்ள இருக்கறவனுங்க எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க.”

எப்படியோ முதல் கதவைத் திறந்து நடைக்கு வந்தோம். கடைசியாக வந்த மாமா, பழக்கதோஷம், கதவை இழுத்துச் சாத்தினார். அது பூட்டிக்கொண்டது. அடுத்த பூட்டின் எண்ணைக் காட்டும் டார்ச் உள்ளே கட்டிலில் கிடந்தது.

ஸ்பீக்கரில் விளையாட்டை நடத்துபவரின் குரல் வந்தது. “சார், ஏன் சார் சாத்துனீங்க? இதுவரைக்கும் யாரும் சாத்துனதில்ல.”

“நல்லா பூட்டியிருக்குல்ல?” என்றார் மாமா, பெருமையாக.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க ஊரையே பூட்டுங்க. நான் வேணாம்னா சொன்னேன்? ஒரே ஒரு தடவ உங்களோட கடல் பாக்கணும். அவ்ளோதான்.”

[இங்கே ஒரு ஜோக் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

மாமா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்பூனை எடுத்து, காம்பைக் கதவிடுக்கில் விட்டு நெம்பினார். தாழ் விலகியது.

“போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் தப்பிச்சான்,” என்றார். “நான்தான் புடிச்சேன்.”

4

டார்ச் வந்தது, எண் தெரிந்தது, வெளிக்கதவு திறந்தது. அக்காவும் நானும் வெளியே. மாமா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். உள்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

“ஒரு நிமிஷம்,” என்று உள்ளே போனார்.

கடிகாரத்தில் அந்த ஒரு நிமிஷம் இல்லை.

முடிவு அ: மாமா கடலில் கால் நனைக்கிறார், லாட்ஜ் கதவைப் பலமுறை இழுத்துப் பார்த்த பிறகு.

முடிவு ஆ: அக்கா பெட்டியைப் பிரித்துப் புடவைகளை... மனசு வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவர்களில் ஒருவர் என்னோடு பேசமாட்டார். யாரென்று சொன்னால் முடிவு தெரிந்துவிடும்.

ஆகவே நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வெளிக்கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு. அக்கா காலைக் குறுக்கே வைத்துப் பிடித்திருக்கிறாள். புதுச் செருப்பு வேறு. கடலுக்கென்று வாங்கியது.