பீடத்துக்குப் பின்னால் ஒரு குழாய்

புது வீட்டை மந்திரிக்க பாதர் வரும் நாளில் ஜூலியஸ் மனசுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எலைஜா வரக் கூடாது. வீடு கட்டி முடித்தவன் கேட்கிற வரமா இது? ஆனால் அவனுக்கு அன்றைக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எலைஜா கட்டடக் கலைஞன். தேக்கா சந்தைக்குப் பக்கத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் பாடுகிறவன். சிக்லாப்பில் ஜூலியஸும் மனைவி லொரைனும் ஒரு பழைய தரைவீட்டை வாங்கியபோது, இடித்துக் கட்ட யாரைப் பிடிப்பது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. நம்ம பையன் இருக்கும்போது வெளியாள் எதற்கு? நம்ம பையன் என்று ஆகிவிட்டால் அப்புறம் ஒப்பந்தம், கையெழுத்து என்ற பேச்சுதான் எதற்கு? பூசை முடிந்து தேக்காவில் தோசை சாப்பிடும்போதே வேலை தொடங்கிவிட்டது. கோயில் ஆட்களிடம் போய்க் காகிதத்தை நீட்டக் கூச்சப்பட்டானோ என்னவோ, எலைஜாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போது அவர்கள் குடியிருந்த தெம்பனிஸ் ஃபிளாட்டுக்கு அவன் பல மாலைகள் வந்தான். அதிக நேரம் பேசியது ஜூலியஸின் அம்மா பிலோமினம்மாளோடுதான். அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான், ஜெபிக்கிற இடத்தில் அமைதி. அந்த ஃபிளாட்டில் மாதா படம் மாட்டியிருந்த சுவருக்குப் பின்னால் மேல்வீட்டுக் கழிவறைக் குழாய் இறங்கியது. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் போதும், மேலே யாராவது ஃபிளஷ் செய்துவிடுவார்கள். எலைஜா சிரிக்காமல் கேட்டுக்கொண்டான். அந்தக் குறையிலிருந்தே வீட்டை வரைந்தான். மாதாந்திர ஜெபத்துக்கு, அக்கம்பக்கத்துக் கோயில் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் முழுவதும் வந்தாலும் கொள்ளுகிற கூடம், அதன் இடப்பக்கம் பீடம், பீடத்தின் மேல் காலை வெளிச்சம். கழிவறை, குழாய் எல்லாம் வலப்பக்கம்.

படம் கைக்கு வந்த பிறகுதான் ஜூலியஸுக்குப் புத்தி கெட்டது. கூட வேலை செய்யும் ஒருவன் ஒரு கான்ட்ராக்டரைச் சொன்னான். கட்டுகிறவர்களே அனுமதியும் வாங்கித் தருவார்களாம், கட்டடக் கலைஞரைத் தனியாக வைத்துக்கொள்ளத் தேவையில்லையாம். ஜூலியஸ் எலைஜாவின் படங்களை ஃபோனிலிருந்து அந்தக் கான்ட்ராக்டருக்கு அனுப்பி, இதே மாதிரி வேண்டும் என்று ஒரு வரி எழுதினான். எலைஜாவுக்கு, வேலையைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி. இரண்டையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே காப்பியைக் குடித்துக்கொண்டுதான் எழுதினான்.

அதோடு எலைஜாவின் செய்திகளுக்குப் பதில் போவது நின்றது. கோயிலில் ஜூலியஸ் தூண் மறைவு தேடி உட்கார ஆரம்பித்தான். பூசை நடுவில் சமாதானம் சொல்லி எல்லாரும் திரும்பிக் கும்பிடும் நேரத்தில் மட்டும் அவனுடைய செருப்பில் ஏதாவது மாட்டிக்கொள்ளும். நேரில் சொல்லிவிடுங்கள் என்று லொரைன் நச்சரித்துப் பார்த்தாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்றே நாளைக் கடத்தினான்.

சாக்கடை இணைப்பு இடப்பக்கம் இருப்பதால் மாடிக் கழிவறையை அந்தப் பக்கம் மாற்றினால் சுலபம் என்று கான்ட்ராக்டர் கேட்டபோது, ஜூலியஸ் வேறு ஏதோ நினைவில் சரி என்றான். இத்தனைக்கும் அவனே கப்பல் பட்டறையில் எஞ்சினியர், குழாய்களோடு பிழைப்பு நடத்துகிறவன்!

கட்டுகிற காலம் முழுக்க அம்மா ஊரின் மறுகோடியில், சுவா சூ காங்கில் மகள் வீட்டில் இருந்தார். எலைஜாதான் கட்டுகிறான் என்று நினைத்திருந்தார். ஜூலியஸும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். அதனால் மந்திரிப்புக்கு அம்மா முதலில் அழைத்ததே எலைஜாவைத்தான், கோயில் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு. அவன் ஜூலியஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வருகிறேன் ஆன்டி என்றான்.

சொன்னபடி வந்தும் விட்டான். அவன் கோபமாக வந்திருந்தால்கூட ஜூலியஸுக்குத் தேவலை. அவனோ தான் வரைந்த கூடத்துக்குள் விருந்தாளியாக நுழைந்து, ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். முகத்தில் லேசாகச் சந்தோஷம்கூட வந்தது. பிறகு நிமிர்ந்து மாடியில் இருந்த கழிவறைக் கதவைப் பார்த்தான், அதற்கு நேர் கீழே பீடத்தைப் பார்த்தான். சந்தோஷம் போய்விட்டது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். அருள் நிறைந்த மரியே ஜெபம் பாதி வந்திருக்கும். மாதா சொரூபத்துக்குப் பின்னால், சுவருக்குள், தண்ணீர் தடதடவென்று இறங்கியது. மாடிக்குப் போன யாரோ அவசரம் தீர்ந்து ஃபிளஷை அழுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் சிரித்துவிட்டன. பெரியவர்கள் இருமிச் சமாளித்தார்கள். பாதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபத்தை முடித்தார்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எலைஜா, உங்கிட்ட நான் கேட்டது இது ஒண்ணுதானே? டாய்லெட்ட கொண்டாந்து மாதா தலைமேலயா வெப்ப?"

அத்தனை தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. எலைஜா சொந்தமாக அலுவலகம் போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை. இந்தக் கோயில் ஆட்கள்தான் அவனுக்கு வேலை கொடுக்கிறவர்கள். தங்கள் வீட்டை அவனிடம் கொடுக்க இருந்த செரினாவும் அவள் கணவன் கபிலனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலியஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எலைஜாவின் பெயர் பிழைத்துக்கொள்ளும். எலைஜா அவனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ஜூலியஸ் வாயைத் திறந்தான். பாதர் இருக்கிறார், லொரைனின் அப்பா அம்மா இருக்கிறார்கள், அன்பியமே இருக்கிறது. திறந்த வாய் மூடிக்கொண்டது.

"ஸாரி ஆன்டி," என்றான் எலைஜா. "நான் கவனிச்சிருக்கணும்."

ஜூலியஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தோடே எல்லாருக்கும் பிரியாணித் தட்டு எடுத்துக் கொடுத்தான். தட்டை வாங்கிக்கொண்ட கபிலன் அவன் தோளைத் தட்டினான்.

"நல்ல வேளை லா. அடுத்த வாரம் அவர்கிட்ட சைன் பண்றதா இருந்தோம். இப்ப யோசிக்கணும்."

அதற்கும் ஜூலியஸ் தலையை ஆட்டினான். ஆட்டிய பிறகுதான் தான் ஆட்டியதே அவனுக்கு உறைத்தது. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். எலைஜா போயிருந்தான்.

அம்மா ஒரு டப்பாவில் பிரியாணியை அமுக்கி அமுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் திட்டிவிட்டேன், பிள்ளை சாப்பிடாமல் போய்விட்டான், பாவம் என்று புலம்பினார். ஜூலியஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னான்.

"அம்மா, எலைஜா மேல தப்பில்ல. அவர் ப்ளான்ல டாய்லெட் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. அவருக்குத் தெரியாம அத எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். அவங்க மாத்துனாங்க, நான் சரின்னேன்."

கபிலன் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. செரினா கீழே பார்த்தாள். அம்மா கத்தவில்லை. டப்பாவை மூடி, நான்கு பக்கமும் அழுத்தினார்.

"அவன் அங்க உக்காந்திருந்தப்ப இத சொல்றதுக்கு உனக்கு என்ன?"

அம்மா டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், சுவரைப் பிடித்தபடி செருப்பை மாட்டினார். பஸ் ஸ்டாப்பில்தான் நிற்பான், ஓடினால் பிடித்துவிடலாம், நானும் வருகிறேன் என்று ஜூலியஸ் பின்னாலேயே போனான்.

"நீ வராத," என்று சொல்லிவிட்டு அம்மா தெருவில் இறங்கினார்.