முழுச் சோதனை

டக், டக், ஒரு இடைவெளி, மறுபடி டக், உள்ளங்கையில் வெதுவெதுப்பாக அந்தக் கறுப்புப் பெட்டி அதிர்கிறது, காதோடு வைத்துக் கேட்கிறேன், எனக்குத் தெரியாத சத்தமா இது, பதினோரு வருஷமாகப் பன்னிரண்டாயிரம் ஹார்ட் டிஸ்க்குகளுக்குச் சாவு நாள் குறித்துக் கொடுக்கிறவன் நான், சென்னையில் சர்வர்கள் அடுக்கிய குளிர்ந்த கூடத்தில் உட்கார்ந்து இந்த டிஸ்க் வெள்ளிக்கிழமை தாங்காது என்று எழுதி வைத்தால் வியாழனே மாற்றிவிடுவார்கள், யாருடைய ஒரு எழுத்தும் என் கையில் தொலைந்ததில்லை, மேனேஜர் பாலகுருசாமி வருகிறவர்களிடமெல்லாம் இவருதாங்க எங்க ஜோசியர் என்று என் தோளைத் தட்டிக் காட்டுவார், எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும், அந்தத் தலைக்கனம்தான், வேறென்ன.

முதலில் கேட்டது செலின், என் மனைவி, ஏங்க, அண்ணன் டிஸ்க்ல ஒரு மாதிரி சத்தம் வருது, கொஞ்சம் பாருங்களேன், என்கிறாள், அண்ணன் என்றால் கிளாட்வின், தூத்துக்குடிக்குத் தெற்கே அவர்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போய்ப் புயலில் மாட்டியவன், வள்ளம் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை, நடுக்கடலில் போனில் எடுத்துவைத்துக் கரைக்கு வந்ததும் தங்கைக்கு அனுப்பிய நாற்பத்து மூன்று வீடியோக்கள் மட்டும் மிச்சம், ஏளா செலினு, இன்னைக்குப் பாடு எம்புட்டுன்னு பாத்தியா, என்று மீன் துள்ளும் வலையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான், அவள் போனில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அந்த டிஸ்க்குக்கு மாற்றிப் போனில் அழித்தவனும் நானே, பத்திரமாக இருக்கும், என் பொறுப்பு என்று சொன்னவனும் நானே. ஊரில் அத்தை, செலினின் அம்மா, ஐந்து வருஷமாக மன்றாடுகிறாள், ஒரு கல்லுல பேரையாவது வெட்டி வைப்போம்ளா, எம்புள்ளைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த எடம் வேணும், செலின் அசையவில்லை, பேசிக்கிட்டு இருக்க ஆளுக்கு எதுக்கும்மா கல்லறை, என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள்.

சத்தம் வருது என்று அவள் மூன்று முறை சொல்லியிருக்கிறாள், நான் மூன்று முறையும் கணக்கைத்தான் பார்த்தேன், கெட்டுப்போன இடங்கள் எட்டு, எட்டே எட்டு, ஆறு மாதம் தாராளமாகத் தாங்கும், உனக்கு வீண் பயம் என்று சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை, நேத்து இப்படிக் கேக்கலையே, எங்காது பொய் சொல்லுமா, என்கிறாள், அவள் காது என் கணக்கை மிஞ்சுவதா, எனக்குச் சுருக்கென்றது, அடுத்த வாரம் அண்ணனுடைய ஐந்தாம் வருஷப் பூசை, ஊரில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும், அதற்குள் இவள் வாயிலிருந்தே நீங்க சொன்னது சரிதாங்க என்று வரவழைக்க வேண்டும், அதற்காகத்தான், கடவுளே, அதற்காக மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு முழுச் சோதனையைத் தட்டிவிட்டேன்.

முதலில் நகல், பிறகுதான் சோதனை, அலுவலகச் சுவரில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது, சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் அந்த வேலையே அதைக் கொன்றுவிடும், புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அது, ஆனால் நகல் எடுத்தால் அவள் காதுக்குப் பயந்து எடுத்ததாக ஆகிவிடுமே, எழுபத்து மூன்று சதவீதம் வரைக்கும் திரையில் பச்சையாகவே ஓடுகிறது, பார்த்தியா என்று அவளைக் கூப்பிடுகிறேன், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள், அப்போதுதான் டக் என்றது. பிடுங்கி எடுக்கிறேன், மறுபடி செருகுகிறேன், குளிர வைத்துப் பார்க்கிறேன், என் தொழிலில் இருக்கும் அத்தனை வித்தையும் பார்க்கிறேன், மறுநாள் பெங்களூரில் மீட்டெடுக்கிறவர்களிடம் ஓடுகிறேன், திறந்து காட்டினார்கள், உள்ளே பதிவிருக்கும் தட்டு முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல், ஒன்றும் தேறாது சார், உங்களுக்கே தெரியுமே, என்றான் அங்கிருந்தவன். தெரியும்.

செலின் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம், பாத்திரத்தை விட்டெறிந்திருக்கலாம், நான் திரும்பி வந்த அன்று சாயங்காலமே போனை எடுத்து, எம்மா, கல்லுக்குச் சொல்லிருங்க, என்கிறாள், அவ்வளவுதான், மறுமுனையில் அத்தை ஓவென்று அழுவது எனக்கே கேட்கிறது.

பூசையன்று ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் முழ ஆழத்துக்கு ஒரு குழி, வெள்ளைத் துணியில் சுற்றி அந்தக் கறுப்புப் பெட்டியைச் செலின் தானே இறக்குகிறாள், இதுக்குன்னு தனியா செபம் இல்லம்மா, இருந்தாலும் சொல்லுதேன் என்று பங்குச் சாமியார் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கிறார், அத்தை ஒரு பிடி மண் போடுகிறாள், பக்கத்து வீட்டார் போடுகிறார்கள், நானும் குனிந்து அள்ளுகிறேன், செலின் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள், குரலில் கோபம் துளியும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, கடல்கிட்ட நான் சண்டைக்குப் போகல, உங்ககிட்டயும் வரமாட்டேன், என்கிறாள், ஆனா எங்கண்ணனுக்கு நீங்க மண்ணு போடாண்டாம். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், அள்ளிய மண்ணைக் கீழே போடவும் தோன்றாமல் கையை மூடிக்கொண்டு நிற்கிறேன், நிற்கிறேன்.