ஆட்டுக்கு நேர்ந்த கிடா

பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் சாத்தூர் ரோட்டில் திரும்புவதற்குள் பொன்மணி சேதியைச் சொல்லிவிட்டாள். சென்னையில் மகள் மாரிசெல்வி பார்த்துக்கொள்ளும் செம்மறி ஆடு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்திருக்கிறாள்.

"ஆட்டுக்கு ஆட்டையே நேந்த மொத ஆளு நீங்கதான்க்கா" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. வேனே சிரித்தது. சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் எந்தப் பிள்ளை ஆட்டு நெஞ்சுக்குப் புது வால்வு செய்திருக்கிறது?

மகன் முனியராஜுக்குப் பத்தொன்பது வயதில் இதயத்தில் மாட்டுச் சவ்வில் செய்த வால்வு வைத்தார்கள். இளரத்தம் அதில் சீக்கிரமே சுண்ணாம்பைப் படியவிட்டது. வால்வு விறைத்துக்கொண்டு வர, இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே அவனுக்கு மூச்சு வாங்குகிறது. அக்காக்காரி அதையே படிப்பாகப் பிடித்துக்கொண்டாள். சவ்வைப் பதப்படுத்தும் மருந்தில் தங்கிப்போகும் மிச்சமும் சுண்ணாம்பை இழுக்கிறதாம். அந்த மிச்சத்தை அடக்க அவள் குழு ஒரு வழி கண்டுபிடித்து, அந்த வால்வை ஆட்டுக்கு வைத்திருக்கிறது. ஐந்து மாதம் கழித்துத் திறந்து பார்ப்பார்கள்.

"தொறந்துன்னா?"

"அதைக் கொன்னுதாம்மா பாக்கணும்." போனில் மகளின் குரல் இறங்கியது.

"நேந்து விட்ட கிடாதானடி அது. நாள் வார வரைக்கும் அது மேல ஒரு கம்பு படாமப் பாத்துக்கோ."

கம்பெனிக்குள் போன் கூடாது. அதனால் ஐந்து மாதக் காத்திருப்புக்கான பதில், ஒரு சாயங்காலம் வாசல் காவலாளியின் பெட்டியில் கிடந்த போனில்தான் வந்திருந்தது. இரண்டு படங்கள். இன்னொரு ஆட்டுக்குப் பழைய முறையில் செய்து வைத்த வால்வில் காரை பெயர்ந்த சுவர் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். மகள் செய்ததில் ஒரு பொட்டுகூட இல்லை. பொன்மணி அலுமினியப் பொடி அப்பிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வேனில் ஏறிய ஒவ்வொருத்தியிடமும் போனை நீட்டினாள். "எம் மக செஞ்சது." அன்றைக்குச் சிரித்தவளும் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தாள்.

ராத்திரி மகளிடம் ஒன்றுதான் கேட்டாள். "தம்பிக்கு எப்ப வைப்பாக?"

"இன்னும் எம்புட்டோ சோதனை இருக்கும்மா. வருசக்கணக்காகும்."

"ஆகட்டும். நீ கோயிலுக்கு வந்து சேரு."

கோயிலில் கிடாவின் கயிற்றை வாங்க முனியராஜ் கை நீட்டினான். பொன்மணி அதை மகளிடம் கொடுத்தாள். பூசாரி ஊர்க்காவலன் முகத்தைச் சுளித்தார்.

"பொம்பளப் பிள்ள கையிலயா?"

"அஞ்சு மாசம் ஒரு ஆட்டைப் பாத்து, அதோட தலையைக் கடைசி வரைக்கும் பிடிச்சிருந்தவ மாமா. அவ கையிலயே இருக்கட்டும்."

பூசாரி செம்பை எடுத்தார். மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் முதுகில் ஊற்றினார். அது உடம்பை உதறித் துளுக்கினால்தான் சாமி சம்மதம். உறுமி மேளம் நின்றது. மாரிசெல்வி குனிந்தாள். பழக்கதோசத்தில் அவள் உள்ளங்கை கிடாவின் இடது முன்னங்காலுக்கு உள்பக்கமாகப் போய்ப் பதிந்தது. உதடுகள் மெல்ல நெஞ்சுத் துடிப்பை எண்ணின. அவள் தோளை ஒட்டி முனியராஜ் மூச்சு வாங்க நின்றான்.

"துளுக்கு சாமி" என்றது கூட்டம்.

கிடா அசையவில்லை. அதன் காது நுனியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாரிசெல்வி கையை எடுக்கவில்லை.