வெள்ளிக்கிழமைப் பாட்டு பீரியடு

எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டால் பத்தாம் வகுப்பின் பாட்டு பீரியடு கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். பாட்டு டீச்சரான என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பகுதிநேர டீச்சருக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

இந்த வருஷம் அதை மறுத்தவர் கணக்கு வாத்தியாரேதான். ஜெயராஜ் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். விருத்தாசலத்துக் கணக்கு வாத்தியார்கள் எல்லாம் சாயங்காலம் டியூஷனுக்கு ஓடும்போது, இவர் வீட்டில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். அதைவிட்டால் அவருக்கு உயிர் பத்தாம் வகுப்புதான்.

ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் தலைமையாசிரியர் பழமலைநாதன் சொன்னார். "பாட்டு பீரியடையும் நீங்களே எடுத்துக்குங்க சார்."

"வேணாங்க சார்."

"ரிசல்ட்டு வர வேணாமா?"

"வரும் சார், அதுக்கு நான் பொறுப்பு. அப்பா அம்மா பீங்கான் கம்பெனியில, புள்ளைங்க காலையிலேருந்து இருட்டுற வரைக்கும் கணக்குல. வாரத்துக்கு ஒருதரம் வாயத் தொறந்து பாடுதுங்க. அதயும் நான் புடுங்க மாட்டேன்."

"அப்ப ஆறாவது கணக்கு எடுக்குற பிரபாகரன் டென்த்தப் பாக்கட்டும். நீங்க ஆறாவதுக்குப் போங்க."

ஜெயராஜ் சாரின் முகம் செத்துப்போனது. எட்டாம் வகுப்பிலிருந்து அவர் கைப்பிடித்துக் கூட்டிவந்த பிள்ளைகள். பீரியடை வாங்கிக்கொண்டால் வகுப்பு அவருக்கே. அவர் வாங்கவில்லை.

"ஆறாவதுக்கே போறேங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தால், பாட்டு பீரியடு போய்விட்டதென்று நினைத்துப் பிள்ளைகள் கணக்கு நோட்டை எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே வைக்கச் சொன்னேன். சுருதிப்பெட்டியைத் திறப்பதற்குள் பிரபாகரன் கேள்வித்தாள் கட்டோடு வந்துவிட்டார். பின்னாலேயே தலைமையாசிரியர்.

"நீங்க போலாம் டீச்சர். டெஸ்ட்டு இருக்குது" என்றார் தலைமையாசிரியர்.

அவர் நினைத்தால் அடுத்த மாதம் எனக்கு வேலை இல்லை. ஆனால் ஜெயராஜ் சார் தன் வகுப்பையே கொடுத்துக் காப்பாற்றிய பீரியடை நான் விட்டுக்கொடுத்தால், என்னைவிட மானங்கெட்டவள் இந்த ஊரில் இருக்க முடியாது.

"இது பாட்டு பீரியடுங்க சார். மணி அடிச்சதும் வாங்க."

தலைமையாசிரியர் நகரவில்லை. நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஸா பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்கள், கொஞ்சம் சுருதி விலகித்தான். ஆனால் அந்தச் சத்தத்தில், வாசலில் நின்று அவர் பேசியது ஒன்றுகூட என் காதில் விழவில்லை.